வலது கை எழுத்து

மார்ச் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்கள் நலம் முழுவதையும் என் தங்கை நேற்றே தொலைபேசியில் ஒப்பித்துவிட்டாள். கைக்கட்டைக் கழற்றி ஒரு வாரம் ஆகியும் வலது கையைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருக்கிறீர்களாம். “பச்சைக் குழந்தைய வச்சிருக்கிற மாதிரி வச்சிருக்காருண்ணா. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டு விடுறேன். என் முந்தானை பட்டாக்கூட ‘தொடாதே, அறுந்துடும்’னு கத்துறாரு” என்றாள்.

சிரித்தேன். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏப்ரல் இருபதாம் தேதி பெரிய டாக்டர் பார்க்கப் போகிறாராமே. அதற்குள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காவிட்டால், தைத்த தசைநாரைச் சரிசெய்ய உள்ளங்கையை மறுபடி திறக்க வேண்டுமாமே. திறந்தாலும் பழையபடி வரும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லையாமே. முப்பது வருடம் கண்ணாடி வெட்டிய கை. அந்த இரண்டு விரல் இல்லாமல் கட்டரைப் பிடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

போனில் கேட்டால் “பரவால்ல மச்சான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வீர்கள். ஆகவே எழுதுங்கள். பேனா பிடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி தரும் அம்மாவே அனுமதித்துவிட்டார். வாரம் ஒரு கடிதம், வலது கையால். நாலு வரி போதும். பிழை திருத்த மாட்டேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் முதலில் ரஃப் நோட்டில் கிறுக்குவார்கள். கண்டபடி இருக்கும், பக்கம் பக்கமாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் அப்புறம் நல்ல நோட்டில் எழுதுவார்கள். உடைந்த எலும்பும் அப்படித்தான். முதலில் அவசரமாக ஒரு முண்டும் முடிச்சுமாகப் பாலம் போடும். நாம் எழுந்து நடக்க நடக்க, எந்த இடத்தில் பாரம் விழுகிறதோ அங்கே கெட்டிப்படுத்தும், தேவையில்லாததைக் கரைத்துவிடும். நடக்காதவனுக்கு ரஃப் நோட்டோடு நின்றுவிடும். ஐந்து மாதத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட நான் சொல்கிறேன், நம்புங்கள். இப்போது தினமும் காலையில் கடைத்தெரு முனை வரை போய் வருகிறேன். இன்றுகூட சலவைக்காரர் வேனின் கூரைமேல் யாரோ வீசிய ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதோடு அவர் ஊரெல்லாம் சுற்றுகிறார், பாவம்.

உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
மச்சான்


மார்ச் 8

மச்சானுக்கு வணக்கம்.

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். வலது கைதான். கோழி கிளறியது போல இருக்கும். பள்ளிக்கூடத்திலும் என் எழுத்து இப்படித்தான் இருந்தது, அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

நான் ஏன் கத்துகிறேன் என்று உங்கள் தங்கைக்குப் புரியவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன். தையல் பிரிக்கப் போன அன்று பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு தச்சர் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தசைநார் அறுந்த அதே இரண்டு விரல்தான் அவருக்கும். அவருக்குக் கட்டைக் கழற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. கை நல்லாத்தானே இருக்கு என்று குளியலறையில் தண்ணீர் வாளியைத் தூக்கியிருக்கிறார். “டப்புனு ஒரு சத்தம்ங்க. வலிகூட இல்ல. விரல் பாட்டுக்கு நீட்டிக்கிட்டு நிக்குது” என்றார். சொல்லிவிட்டு அந்த விரலை என்னிடம் காட்டினார். யாரோ ஒருத்தருடைய விரல் அவர் கையில் மாட்டியிருந்தது போல இருந்தது.

மச்சான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் கீறல் போட்டு மேசை ஓரத்தில் வைத்து அழுத்தினால் வருமே, அதே சத்தம். முப்பது வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை நானே வரவழைத்த சத்தம். இப்போது விரலை அசைக்கப் போகும்போதெல்லாம் அது காதில் முன்கூட்டியே கேட்கிறது.

விழும் கண்ணாடியைப் பிடிக்காதே, கையை எடு என்று பட்டறையில் எல்லோருக்கும் சொல்லித் தந்தவன் நான். ஆனால் அன்றைக்கு அந்தப் பெரிய தகடு சரிந்தபோது என் கை என்னைக் கேட்காமலே போய்ப் பிடித்தது.

நீங்கள் நடப்பது கேட்டுச் சந்தோஷம். மெதுவாக நடங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுத்து கோணலாக இருந்தாலும் அழகாக இருந்தது. வலது கை எழுதியது அல்லவா!

தச்சர் கதையையும் படித்தேன். அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அவர் தூக்கியது வாளி. நீங்கள் பிடிக்கப் போவது பேனா. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்!

உள்ளே நடப்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். அறுந்தது விரலை இழுக்கும் கயிறு. தைத்த இடத்தில் புது நார்கள் முளைக்கும். அவை காலை மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடிவரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று தெற்கே பார்க்கும், ஒன்று பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடித்துத் தொங்கும். கத்தினால் வரிசை வராது. முதல் பிள்ளையின் கையைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வந்துவிடும். அந்த மெதுவான இழுப்புத்தான் உங்கள் பயிற்சி. இழுக்காவிட்டால் அந்த நார்கள் பக்கத்துச் சதையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குடியேறிவிடும். அப்புறம் கத்தி வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

விரலை முடிந்தவரை மடக்கி, நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதுங்கள். மில்லிமீட்டர் தவறாமல் அளப்பவர் நீங்கள்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. காலையில் நடக்கும்போது முடிதிருத்தும் கடைக்காரரைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவருக்கு உச்சந்தலையில் சாஸர் அளவு வழுக்கை விழுந்திருக்கிறது. அவருக்கே தெரியுமோ என்னவோ.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 22

மச்சானுக்கு,

அளந்தேன். ஆள்காட்டி விரல் இருபத்தைந்து மில்லி, நடுவிரல் முப்பது. பயிற்சி அம்மா, “பரவாயில்லையே சார்” என்றார். தினமும் ஐந்து தடவை பயிற்சி செய்கிறேன். எழுத்தும் தேறிவிட்டது, நீங்களே பாருங்கள், வரி நேராகப் போகிறது.

ஒரு விஷயம். நேற்று உங்கள் தங்கை என் பக்கத்தில் டீ வைத்தாள். வலது பக்கம் வைத்துவிட்டாள். வேண்டுமென்றே வைத்தாளோ என்னவோ. நான் எடுக்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடை படிந்துவிட்டது. “கப்பு கடிக்காதுங்க” என்றாள். நான் எழுந்து போய்விட்டேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது, மச்சான். ஒரு டீக்கு.

பட்டறைக்கு இன்னும் போகவில்லை. வாசல் வரை போனேன். உள்ளே யாரோ கீறிய கண்ணாடியை முறித்தார்கள், அந்தச் சத்தம் வந்தது. திரும்பிவிட்டேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 28

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். அப்பா எழுதிக் கொடுத்த வீட்டுப்பாடம், அக்கா போட்ட கணக்கு எல்லாம் பெயர் பார்க்காமலே தெரியும். வகுப்புக்கு ஒருவராவது இடது கைக்காரர் இருப்பார். எழுதி முடித்த ஈர எழுத்தின் மேலேயே அவர் கை ஊர்ந்து போகும், அதனால் மை வலப்பக்கமாக இழுபடும். எழுத்து பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் முதல் கடிதத்திலேயே மை இழுபட்டிருந்தது. கை நடுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரி நேராகிவிட்டது. மை அதே பக்கம்தான் இழுபட்டிருக்கிறது.

இரண்டும் இடது கையால் எழுதியவை.

அப்படியானால் அந்த இருபத்தைந்து, முப்பது? அதுவும் பொய்தானே?

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது. துண்டுக்குள் சும்மா கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கயிறு சதையோடு இறுகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் என்னை ஏமாற்றலாம், பரவாயில்லை, ஓய்வு பெற்ற வாத்தியார். அந்தக் கை ஏமாறாது.

வெளியே போங்கள். பட்டறைக்குள் போங்கள். நான் நடக்கவில்லையா? தகடும் நாலு திருகாணியும் தொடையில் வைத்துக்கொண்டு தெருவில் போகவில்லையா? இன்று காலைகூடப் போனேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் குடைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு பூப் பூவாகப் போய்க்கொண்டிருந்தன. பயத்தைத் தாண்டிப் போனால்தான் இதெல்லாம் கிடைக்கும்.

மச்சான்


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

ஆமாம். இடது கை. இதுவும் இடது கைதான். இனி மறைக்க என்ன இருக்கிறது. உண்மை அளவு: ஆள்காட்டி விரல் நாற்பது, நடுவிரல் நாற்பத்திரண்டு. பயிற்சி அம்மா, “சார், நீங்க வீட்டுல ஒண்ணுமே செய்யல, எங்கிட்ட நடிக்கிறீங்க” என்று போன வாரமே சொல்லிவிட்டார். உங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதங்களையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் கையெழுத்து தெரியாது. ஜன்னல் தெரியும்.

தெருவில் நடந்து போகிறவருக்கு வேனின் கூரைமேல் கிடக்கும் செருப்பு எப்படித் தெரியும், மச்சான்? முடிதிருத்துகிறவர் உங்களைவிட உயரம். அவருடைய உச்சந்தலையை எதிரே நின்று எப்படிப் பார்த்தீர்கள்? குடை, நடக்கிறவர் கண்ணில் குத்தும். மேலே இருந்து பார்க்கிறவருக்குத்தான் பூவாகத் தெரியும். உங்கள் மாடி முன்னறை ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டவன் நான். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்னவெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். செருப்பு, வழுக்கை, குடை மூன்றும் தெரியும்.

நீங்கள் கீழே இறங்கவே இல்லை. ஒரு நாள்கூட.

வரிசை, மைதானம், ரஃப் நோட்டு என்று கடிதத்துக்குக் கடிதம் எனக்குப் பாடம் நடத்தினீர்களே, உங்கள் நோட்டை யார் திருத்துவது? எனக்குத் தைரியம் சொல்ல நீங்கள் யார்? நானாவது விரலைத்தான் துண்டில் சுற்றி வைத்தேன். நீங்கள் உங்களையே சுற்றி வைத்திருக்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் பொய் சொல்லும் வேலை மிச்சம்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 7

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கணக்கு சரி. மூன்றுக்கு மூன்று மதிப்பெண்.

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பதில் கேட்கவில்லை.

என் வீட்டு மாடிப்படி பதினாலு. நான் விழுந்தது மேலிருந்து ஒன்பதாவது படியில். விழுந்ததை எல்லோருக்கும் சொன்னேன். விழுந்த பிறகு நடந்ததை யாருக்கும் சொல்லவில்லை. திருப்பத்தில் மடங்கிக் கிடந்தேன். கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கீழ் வீட்டுத் தையல்கார அம்மா மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். “அம்மா” என்று கூப்பிட்டேன். கேட்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சு வரை எட்டிய குரல், மாப்பிள்ளை. கத்திக் கத்திப் பார்த்தேன். மெஷின் ஒரு துணியை முடிக்கும், அரை மூச்சு நிற்கும், நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடும். நாற்பது நிமிடம். ஒரு மனிதர் இரண்டு சுவருக்கு அப்பால் சட்டை தைத்துக்கொண்டிருக்கும்போதே நான் இல்லாமல் போய்விடுவேன் என்று நினைத்தேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. கண்டுபிடித்ததும் அவர்தான், தூக்கியதும் அவர்தான்.

எலும்பு சேர்ந்துவிட்டது. மூன்றாம் மாதமே டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, “படி ஏறுங்க, இறங்குங்க, அதான் மருந்து” என்றார். அன்று ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மேலே விட்டார்கள். அதன் பிறகு இறங்கவில்லை. அறைக்குள் நடக்கிறேன். படிக்கட்டின் தலைப்பில் போய் நிற்பேன். கீழே மெஷின் ஓடத் தொடங்கும். திரும்பி வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவேன்.

கயிற்றில் கட்டிய துணிப் பை ஒன்று இருக்கிறது. ஜன்னல் வழியாக இறக்குவேன். தையல்கார அம்மா ரொட்டியும் மருந்தும் வாங்கிப் போடுவார். உங்களுக்கு எழுதிய கடிதங்களும் அந்தப் பையில்தான் இறங்கின. நான் எழுதிய தாள் இறங்கிப் போய், பெட்டியில் விழுந்து, ஊர் தாண்டி உங்களிடம் வந்துவிடுகிறது. எழுதியவன் பதினாலு படி இறங்கவில்லை.

எலும்பைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை. அதை மட்டும் நம்புங்கள். நடக்காதவனின் எலும்பு மெலியும் என்பது நான் தினமும் தொட்டுப் பார்க்கிற பாடம். இந்தத் தொடை அந்தத் தொடையைவிட இரண்டு விரல் இளைத்துவிட்டது. உங்கள் கை அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் உங்களை விரட்டினேன். என்னை விரட்ட எனக்குத் தெரியவில்லை.

இருபதாம் தேதி என்ன சொன்னார்கள் என்று தங்கையிடமாவது சொல்லச் சொல்லுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 24

மச்சான்,

நாலே வரிதான் எழுதுவதாக இருந்தேன். பேனா மூன்று தடவை கீழே விழுந்தது. எழுத்து பெரிசு பெரிசாக இருக்கிறது, மன்னிக்கவும். மை எந்தப் பக்கமும் இழுபடவில்லை, பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள் தங்கையும் அதைப் படித்தாள். ஒரு டீயைக் கொண்டுவந்து வலது பக்கம் வைத்தாள். அரை கப்தான் ஊற்றியிருந்தாள். எடுத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எடுத்தேன். அந்தச் சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டீ பாதி சட்டையில் கொட்டியது. “பொத்தானும் நீங்களே கழட்டிக்கங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. இருபதாம் தேதி டாக்டர் பார்த்தார். ஆள்காட்டி பத்தொன்பது, நடுவிரல் இருபத்து நாலு. இது நான் அளந்தது இல்லை, அவர் அளந்தது. “இப்பத் திறக்க வேணாம். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டுங்க, பார்க்கலாம்” என்றார். பயம் போகவில்லை. விரல் மடங்கும்போதெல்லாம் கூடவே வருகிறது. அதையும் வரிசையில் நிற்க வைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தில் முத்திரை இல்லை என்று பார்த்திருப்பீர்கள். தபாலில் வரவில்லை. உங்கள் துணிப் பையில் மேலே வந்திருக்கிறது. கயிற்றை இழுத்ததும் நீங்கள்தான்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். என் வழுக்கைதான் தெரியும்.

நான் மேலே வரப்போவதில்லை. ஒன்பதாவது படிக்குக் கீழே, நீங்கள் விழுந்து கிடந்த அந்தத் திருப்பத்தில் நிற்கிறேன். வாசலில் உங்கள் தங்கை நிற்கிறாள். தையல்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டார், கேட்டுப் பாருங்கள். நீங்கள் முணுமுணுத்தால்கூட மூன்று பேருக்குக் கேட்கும்.

விழ மாட்டீர்கள். விழுந்தால் பிடிக்க என் இடது கை இருக்கிறது. ஒரு மாதம் உங்களுக்குப் பொய் எழுதி எழுதி அது நன்றாகப் பலம் பிடித்திருக்கிறது.

வலது கையைச் சும்மா நீட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வாருங்கள். எட்டுப் படி. ஒன்பதாவதை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை